பாட்டியைப் பார்த்துக்கொள்ளும் அக்காவுக்கு மனநிறைவு உண்டா?

பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடிகளிலும் கிள்ளான் தாமான்களிலும் இது இப்போது சாதாரணமாகிவிட்டது. பிள்ளைகள் எல்லாரும் வேலைக்குப் போய்விடுகிறார்கள். தாத்தாவைக் குளிப்பாட்டவும், பாட்டிக்கு நேரத்துக்கு மருந்து கொடுக்கவும் ஓர் அக்கா வந்து போகிறார். அந்த வேலையில் அவருக்கு நிறைவு இருக்கிறதா? இந்தப் பாடம் அதைப் பற்றித்தான்.

அமெரிக்க உளவியலாளர் பிரெடெரிக் ஹெர்ஸ்பெர்க், பிட்ஸ்பர்க் வட்டாரத்தில் ஏறத்தாழ 200 பொறியாளர்களையும் கணக்காளர்களையும் விசாரித்து, 1959-இல் சக ஆய்வாளர்களோடு ஒரு நூல் வெளியிட்டார். குறைந்த சம்பளம், கெடுபிடி போன்றவை அதிருப்தியை உண்டாக்கும். அவற்றைச் சரிசெய்தால் குறை தீரும். ஆனால் அதனால் மட்டும் நிறைவு வந்துவிடாது. நிறைவைத் தருபவை வேலையின் பயன், பாராட்டு, பொறுப்பு, வளர்ச்சி. இதுதான் அவர் கண்டது.

பராமரிப்பு வேலையில் பயன் கண்ணெதிரே தெரியும். படுத்தே கிடந்த பாட்டி எழுந்து உட்கார்ந்தால் அதைவிட வேறென்ன வேண்டும்? குறை மற்றப் பக்கத்தில்தான். தூக்கித் தூக்கி முதுகுவலி, முடிவில்லாத வேலை நேரம், 'அப்படியே துணியும் துவைச்சிடுங்க' என்று கூடிக்கொண்டே போகும் வேலை.

சட்டம் என்ன சொல்கிறது? வீட்டு வேலைக்கு ஒருவரை நேரடியாக அமர்த்தும் குடும்பம், 2021 ஜூன் 1 முதல் அவரைச் சொக்சோவில் பதிய வேண்டும். 2023 ஜனவரி 1 முதல் வேலைச் சட்டத்தில் 'வீட்டு வேலையாள்' என்பது 'வீட்டு ஊழியர்' என மாறியது. ஆனாலும் அச்சட்டத்தின் வேலை நேர, ஓய்வு நாள் விதிகள் அவருக்குப் பொருந்தாது. அப்படியென்றால் அதை முடிவுசெய்வது பெரும்பாலும் நம்ம வீடுதான்!

இங்கே ஓர் எச்சரிக்கை. 'இது புண்ணியம்க்கா, சேவைதானே' என்று சொல்லிச் சம்பளத்தைக் குறைப்பது தர்மம் ஆகாது. பலனில் பற்று வைக்காதே என்பது ஒருவர் தனக்குத்தானே ஏற்றுக்கொள்ளும் நெறி. அடுத்தவர் கூலியைப் பிடித்து வைக்க அது அனுமதிச் சீட்டு அல்ல.

இந்த வாரம் செய்ய வேண்டியவை:

1. அக்காவைப் பெயர் சொல்லி அறிமுகப்படுத்துங்கள். 'வேலைக்காரி' என்ற சொல் வேண்டாம்.
2. வேலை நேரம், வாரத்தில் ஒரு முழு ஓய்வு நாள், சம்பளத் தேதி மூன்றையும் வீட்டில் பேசி எழுதி வையுங்கள்.
3. சொக்சோவில் பதிந்தாச்சா என்று அப்பா அம்மாவிடம் கேளுங்கள்.
4. பாட்டியின் உடல்நிலை பற்றி முடிவெடுக்கும்போது அக்காவின் கருத்தையும் கேளுங்கள். நாள் முழுக்கப் பக்கத்தில் இருப்பவர் அவர்தானே?

கலந்துரையாட: ஓய்வில்லாத கைகள் எத்தனை நாளைக்கு அன்பாக இருக்க முடியும்?