பக்கவாதத்திற்குப் பின் கைக்கு ஒரு வேலை: வீட்டிலேயே சிறு பூ அலங்காரம்

பக்கவாதத்திலிருந்து மீண்டுவரும் ஒருவர் மறுபரிசோதனைக்கு வரும்போது, பாதிக்கப்பட்ட கை பெரும்பாலும் மடியில் அசையாமல் கிடக்கும். "விரல்களை மடக்குங்கள்" என்றால் மடக்குவார். "விரியுங்கள்" என்றால் ஓரளவு விரிப்பார். ஆயினும் வீட்டில் அந்தக் கை எந்த வேலையும் செய்வதில்லை. சோறு ஊட்டுவது, பொத்தான் போடுவது, தலை வாருவது அனைத்தையும் குடும்பத்தாரே அன்போடு செய்துவிடுகின்றனர். அசையக்கூடிய கையும் நாளடைவில் பயன்படாத கையாகிவிடுகிறது. இதைத் தவிர்க்க வீட்டிலேயே செய்யக்கூடிய எளிய பயிற்சிகளுள் ஒன்று பூ அலங்காரம்.

பூ எவ்வாறு உதவுகிறது?

மூளையின் ஒரு பகுதி பாதிக்கப்பட்டால், எஞ்சிய பகுதிகள் அதன் பணியில் ஒரு பங்கை ஏற்கக் கற்றுக்கொள்ளும். அதற்குத் தேவை, நோக்கமுள்ள ஒரு செயலைத் திரும்பத் திரும்பச் செய்வதாகும். வெறுமனே விரலை மடக்கி நீட்டுவதைவிட, ஒரு பொருளை எடுத்து உரிய இடத்தில் வைப்பது மூளைக்குக் கூடுதல் வேலை தருகிறது. முதல் சில மாதங்களில் முன்னேற்றம் விரைவாக இருக்கும். அதன் பின்னரும் அது முற்றிலும் நின்றுவிடுவதில்லை.

பூவை அழுத்திப் பிடித்தால் நசுங்கும், தளர்த்தினால் நழுவும். ஆகவே, எவ்வளவு விசை தேவை என்பதை விரல்களுக்குப் பூவே கற்பிக்கிறது.

தொடங்கும் முன்

நோயாளி சாய்மானமுள்ள நாற்காலியில், பாதங்கள் தரையில் பதியுமாறு அமர வேண்டும். முழங்கை மேசைமீது தாங்கப்பட்டிருக்க வேண்டும். ஒரு வேளைக்குப் பத்து முதல் பதினைந்து நிமிடங்கள் போதும். தோள் வலித்தாலோ கை சோர்ந்தாலோ நிறுத்திவிடுங்கள். பாதிக்கப்பட்ட கையைப் பிடித்து ஒருபோதும் இழுக்காதீர்கள்.

மூன்று படிகள்

1. மிதக்கும் பூக்கள்: அகன்ற கிண்ணத்திலோ உருளியிலோ பாதியளவு நீர் ஊற்றுங்கள். சாமந்தி, செம்பருத்தி போன்ற பெரிய பூக்களை ஒவ்வொன்றாக எடுத்து நீரில் விடச் செய்யுங்கள். தேவையானால் நோயாளி தம் மற்றொரு கையால் மணிக்கட்டைத் தாங்கிக்கொள்ளலாம். பழகியபின் நந்தியாவட்டை, மல்லிகை எனச் சிறிய பூக்களுக்கு மாறலாம்.

2. குவளையில் பூக்கள்: அடி கனமான குவளையை ஈரத்துணியின் மேல் வைத்தால் நழுவாது. காம்புகளைச் சாய்வாக வெட்டுவதும், நீரில் அமிழும் இலைகளைக் களைவதும் உடனிருப்பவரின் வேலை. அவ்விலைகள் அழுகினால் நீர் விரைவில் கெடும். காம்பைப் பிடித்துக் குவளையில் செருகுவது நோயாளியின் வேலை.

3. பூத்தொடுத்தல்: இரு கைகளும் இணைந்து இயங்க வேண்டிய கடினமான வேலை இது. விரல்கள் நன்கு தேறியவர்கள் மட்டும் வாழைநாரில் முயலலாம். உணர்ச்சி குறைந்த விரல்கள் ஊசியைக் கையாள வேண்டா.

மூளையின் வலப்பக்கம் பாதிக்கப்பட்டவர்களுள் சிலர் தம் இடப்பக்கத்தைக் கவனிப்பதே இல்லை. அவர்களுக்குப் பூக்கூடையை முதலில் நடுவில் வைத்து, நாளுக்கு நாள் சிறிது சிறிதாக இடப்புறம் நகர்த்துங்கள். பூவைத் தேடும் கண், மறந்த பக்கத்தையும் நாடத் தொடங்கும்.

கவனம் தேவை

• புற்றுநோய்க்கு மருந்து பெற்று வெள்ளணுக்கள் குறைந்திருப்போரும், உறுப்பு மாற்றுச் சிகிச்சை பெற்றோரும் புதுப்பூக்களையும் பூச்சாடி நீரையும் தவிர்க்க வேண்டும். அவற்றில் கிருமிகளும் பூஞ்சைகளும் இருக்கக்கூடும். இவர்கள் வீட்டில் இருந்தால் காகிதப்பூக்களைப் பயன்படுத்துங்கள்.

• அரளி, பொன்னரளி, செங்காந்தள் ஆகியவை நச்சுத்தன்மை உடையவை. அரளிக் காம்பு ஊறிய நீரும் ஆபத்தானதே. நினைவுத் தடுமாற்றம் உள்ளவர்களும் குழந்தைகளும் உள்ள வீட்டில் இவற்றை அறவே தவிருங்கள்.

• ரோஜாவின் முட்களை முன்னதாகவே நீக்குங்கள். உணர்ச்சியற்ற விரலில் முள் குத்தினால் தெரியாது. நீரிழிவு உள்ளவர்களுக்குச் சிறு காயமும் ஆற நாளாகும். இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்போருக்கு இரத்தக்கசிவு நிற்கத் தாமதமாகும்.

• ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மணம் மிகுந்த பூக்களால் மூச்சிரைப்பு தோன்றினால் அவற்றை அகற்றிவிடுங்கள்.

• நீரை நாள்தோறும் மாற்றி, பாத்திரத்தின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். டெங்கு பரப்பும் கொசு தேங்கிய நீரை ஒட்டிய உட்சுவரில் முட்டையிடும்.

குடும்பத்தாருக்கு

இப்பயிற்சியில் உங்களுக்குரிய கடினமான பணி, கைகட்டிக் காத்திருப்பதே. ஒரு பூவை எடுக்க அவருக்கு ஒரு நிமிடம் ஆகலாம். பாதியில் வாங்கி நீங்கள் வைத்துவிட்டால், அந்த ஒரு நிமிடப் பயிற்சி அவருக்கு இல்லாமற் போகும். கோணலாக வைத்த பூவைத் திருத்தவும் வேண்டா. அது அவர் செய்த அலங்காரம். அதைக் கூடத்தில் அனைவரும் பார்க்கும் இடத்தில் வையுங்கள்.

அந்தக் கை ஒவ்வொரு நாளும் எத்தனை பூக்களை எடுத்து வைத்தது என்பதை ஒரு குறிப்பேட்டில் எழுதி, அடுத்த பரிசோதனைக்கு வரும்போது கொண்டுவாருங்கள். சிகிச்சையின் அடுத்த படியைத் தீர்மானிக்க அக்குறிப்பு எங்களுக்குப் பெரிதும் உதவும்.