ஈயமில்லாத வேட்டைக் குண்டு: மருந்தளவைப் புதிதாய்க் காணும் முறை

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் மானும் காட்டுப்பன்றியும் குடியானவரின் பயிருக்குப் பெருஞ்சேதம் விளைவிப்பன. அவற்றை வேட்டையாடி இறைச்சியை உண்பது அந்நாட்டுக் கிராமங்களில் நெடுநாளைய வழக்கம். வேட்டைக்காரருட் பலர் தோட்டாவைக் கடையில் வாங்குவதில்லை; சுட்டபின் எஞ்சும் பித்தளைக் கூட்டிற் புதுக் கேப்பும் மருந்தும் குண்டும் அமைத்துத் தாமே சித்தஞ் செய்துகொள்ளுகின்றனர். அண்மைக் காலத்தில் இவர்களிற் பலர் ஈயக் குண்டை விட்டுச் செப்புக் குண்டைக் கையாளத் தொடங்கியிருக்கின்றனர். அதன் காரணமும், அதிற் கவனிக்கற்பாலனவும் இங்குக் கூறப்படும்.

1. ஈயத்தால் விளையுங் கேடு

சாதாரண ரைபிள் குண்டு, ஈயத்தின்மேற் செப்புத் தகடு போர்த்தது. அது மிக்க வேகத்தோடு உடலிற் பட்டதும் ஈயம் பொடிப்பொடியாய்ச் சிதறி, காயத்திற்கு வெகு தூரம் வரை பரவுகிறது. இத்துணுக்குகளிற் பல கண்ணுக்குத் தெரியா. எக்ஸ்ரே படத்திலேயே தெரியும். 2009-ம் வருஷம் வெளியான ஓர் ஆராய்ச்சியில், ஈயக் குண்டினால் வீழ்ந்த 30 மான்களுள் 24-ன் கொத்திறைச்சியில் உலோகத் துணுக்குகள் இருந்தன. அவ்விறைச்சியை உண்பித்த பன்றிகளின் இரத்தத்தில் ஈயத்தின் அளவு உயர்ந்தது. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுப்பது. இவ்வளவு உட்கொண்டால் தீங்கில்லை என்று சொல்லத்தக்க அளவு எதுவும் அதற்கு இல்லை. ஆகவே, வீட்டிற்கு உணவென்று கொண்டுவந்ததே வீட்டாருக்கு நஞ்சாகக் கூடும்.

வேட்டைக்காரர் காட்டில் விட்டுவரும் குடலையும் கழிவையும் கழுகுகள் உண்ணும். காண்டார் என்னும் கலிபோர்னியாப் பெருங்கழுகு 1982-ல் 22 மட்டுமே எஞ்சியிருந்தது. கூண்டில் வளர்த்துப் பெருக்கி 1992 முதல் அவை மீண்டும் காட்டில் விடப்பட்டன. அப்படி விடப்பட்டவற்றின் மரணத்திற்கு ஈய நஞ்சே முக்கிய காரணமாகக் காணப்பட்டது. இதுபற்றிக் கலிபோர்னியா இராஜ்யம், 2008-ல் காண்டார் வாழும் பிரதேசங்களிலும், 2019-ம் வருஷம் ஜூலை 1 முதல் இராஜ்யம் முழுவதிலும், வனவிலங்குகளைச் சுட ஈயக் குண்டைத் தடுத்துவிட்டது. அரிஸோனாவில் தடையின்றியே, 2005 முதல் ஈயமில்லாத தோட்டா இலவசமாய் அளிக்கப்பட்டு, வேட்டைக்காரர் தாமாகவே மாறும்படி ஊக்கப்படுத்தப்பட்டனர்.

2. செப்பின் குணம்

ஒரு கன சென்டிமீட்டர் ஈயம் 11.3 கிராம் நிறையும். செம்பு ஏறத்தாழ 9 கிராமே நிறையும். ஆகையால் ஒரே எடையும் ஒரே பருமனும் உள்ள குண்டுகளிற் செப்புக் குண்டே நீளமாயிருக்கும். இதனின்றும் மூன்று விளைவுகள் தோன்றும்.

முதலாவது, நீண்ட குண்டு கூட்டினுள் ஆழ இறங்கி மருந்துக்குரிய இடத்தைக் குறைக்கும். முழுச் செம்பு, ஈயத்தைப்போல் எளிதில் நெளியாமல் குழலின் மரையை எதிர்க்கும். இவ்விரண்டும் குழலின் அழுத்தத்தை உயர்த்தக் கூடும். இரண்டாவது, நீண்ட குண்டு தடுமாறாமற் பறப்பதற்கு விரைவான சுழற்சி தேவை. மரை மெதுவாய்த் திரும்பும் பழைய குழலில் அது குறியில் நில்லாது. மூன்றாவது, செப்புக் குண்டு சிதறாமல், முனை இதழ்போல் விரிந்து, தன் எடையை ஏறக்குறைய முழுமையும் காத்துக்கொள்ளும். ஆயின் விரிவதற்குப் போதிய வேகம் வேண்டும். இக்காரணங்களால் 150 கிரெயின் ஈயக் குண்டை வழங்கியவர் 130 கிரெயின் செப்புக் குண்டைத் தேர்வது வழக்கம். இலேசான குண்டு நீளத்திற் குறுகி, வேகத்தில் மிகும்.

3. மருந்தளவைக் காணும் முறை

ஈயக் குண்டிற்கு வழங்கிய மருந்தளவைச் செப்புக் குண்டிற்கு ஒருபோதும் அப்படியே வழங்கலாகாது. அழுத்தம் மிகின் துப்பாக்கி வெடித்துக் கையும் கண்ணும் போகும். அந்தக் குண்டிற்கும் அந்த மருந்திற்குமென்றே அச்சிட்டு வெளியிட்ட அட்டவணையைப் பெற்று, அதிற் கண்ட மிகக் குறைந்த அளவிலிருந்தே தொடங்குதல் வேண்டும்.

முதலிற் குழலினுட் படிந்த பழைய செப்புக் கறையை முற்றும் நீக்குக. மேசைமீது ஒரே வகை மருந்து இருக்கட்டும். ஒவ்வொரு கூட்டிற்கும் மருந்தைத் தராசில் நிறுத்திடுக. அரை அரைக் கிரெயினாய் உயர்த்தி, அளவுக்கு மூன்று தோட்டாக்கள் செய்து, துப்பாக்கியை மணல் மூட்டைமேல் அமர்த்தி, 100 கஜத்தில் உள்ள குறியிற் சுட்டுப் பார்க்க.

கேப்பு தட்டையாதல், கூட்டின் அடியிற் பளபளத்த தழும்பு விழுதல், தாழ்ப்பாள் திறக்கக் கடினமாதல் ஆகியவை அழுத்தம் மிகுந்ததன் அடையாளங்கள். இவற்றுள் ஒன்று கண்டாலும் சுடுவதை அப்பொழுதே நிறுத்துக. மீதித் தோட்டாக்களைச் சுடாமற் பிரித்துவிடுக. அடையாளம் ஒன்றுங் காணாவிடினும் அட்டவணையின் மேல் எல்லையைத் தாண்டலாகாது. ஏனெனில் அடையாளங்கள் பல சமயம் அபாயம் நேர்ந்த பின்னரே தோன்றும். குண்டுகள் நெருங்கி விழும் அளவே சிறந்தது. அதிக வேகந் தரும் அளவு சிறந்ததென்று எண்ண வேண்டாம். அளவு அமைந்தபின், குண்டிற்கும் மரையின் தொடக்கத்திற்கும் உள்ள இடைவெளியைச் சிறிது மாற்றிப் பார்க்கலாம். செப்புக் குண்டு பெரும்பாலும் சற்று விலகி நிற்பதையே விரும்பும்.

4. முடிவு

செப்புக் குண்டின் விலை அதிகமென்று சிலர் தயங்குகின்றனர். வேட்டையாடும் ஒரு பருவத்திற்குச் செலவாகும் குண்டுகள் சிலவே. மீதிப் பணத்தை எண்ணுபவர், குழந்தையின் தட்டில் விழும் துணுக்கையும் எண்ணிப் பார்ப்பாராக. விதையை மாற்றினால் பருவமும் எருவும் மாறுவதுபோல, உலோகத்தை மாற்றினால் அளவு முழுவதையும் அடியிலிருந்து மீண்டும் காண வேண்டும். பொறுமையுடன் அவ்வாறு செய்பவருக்குத் துப்பாக்கியும் கேடின்றி நிற்கும்; இறைச்சியும் தூய்மையாய் வீடு சேரும்.