துணியில் மேடு தரும் தையல்

நீலகிரித் தோடர் குலப் பெண்கள், பூத்துக்குளி என்னும் போர்வையில் சிவப்பும் கறுப்புமான நூலால் செய்யும் பூவேலை, தறியில் நெய்தது போலவே தோன்றும். அங்கத்தினர் இல்லத்துப் பெண்டிரும் பயிலத்தக்க அம்முறை பின்வருமாறு:

1. இழைகளைக் கண்ணால் எண்ணத்தக்க முரட்டு வெள்ளைப் பருத்தித் துணியே ஏற்றது. நெருக்கமான நெசவு உதவாது.

2. துணியின்மேல் படம் வரைதல் வேண்டா. இழையை எண்ணியே ஊசி செல்லல் வேண்டும். பழகுவோர் முதலில் மூன்றிழை மேலும் மூன்றிழை கீழுமாக ஓட்டுக.

3. வரிசை முடிந்து ஊசியைத் திருப்பும்பொழுது நூலை இறுக்காது சிறு வளையமாக விடுக. இவ்வளையங்களே மேடு தருவன. இறுக்கினால் துணி சுருங்கும்.

4. அடுத்த வரிசையை இடைவெளியின்றி அமைக்க. ஓரிழை பிசகினும் கோலம் கோணுமாதலின், வரிசைதோறும் எண்ணிச் சரிபார்க்க.

ஒன்று கவனிக்கத்தக்கது. தோடர் பூவேலைக்கு 2013ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. தையலைக் கற்பதற்குத் தடையில்லை. ஆனால் நாம் தைத்ததைத் தோடர் வேலையெனக் கூறி விற்பது சட்டத்துக்கு மாறு. அப்பெண்களின் வருவாயையும் கெடுக்கும். ஆகவே சங்கத்தின் மூலம் விற்கும் துணிகளுக்குச் சொந்தக் கோலமும் சொந்தப் பெயருமே இடுக.