புகையாத அடுப்பு, தேங்காத தண்ணீர், எரிக்காத குப்பை
(தளி வட்டாரத் தம்பதியருக்கான குடும்ப நலப் பாடம்)



குடும்ப நலம் என்றால் அளவான குடும்பம் என்று மட்டும் பலர் நினைக்கிறார்கள். அது பாதிதான். பிறந்த இரண்டு குழந்தைகளும் இருமல் இல்லாமல், காய்ச்சல் இல்லாமல், நன்றாகத் தின்று வளர வேண்டுமே! அதற்கு அவர்கள் விடும் மூச்சும், குடிக்கும் தண்ணீரும், விளையாடும் மண்ணும் சுத்தமாக இருக்க வேண்டும். இதற்கு மருந்துக் கடைக்குப் போக வேண்டியதில்லை. உங்கள் அடுப்பங்கரையிலும் வாசலிலும் கொல்லையிலும்தான் வேலை இருக்கிறது.

இந்தப் பிரசுரத்தைக் கணவனும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து படியுங்கள். வீட்டிலே தெலுங்கோ கன்னடமோ பேசும் பெரியவர்கள் இருந்தால், அவர்கள் பாஷையிலே எடுத்துச் சொல்லுங்கள்.

1. நம் ஊர்க் குளிரும் அடுப்புப் புகையும்

தளி மேட்டு நிலம். இதன் குளிர்ச்சியைப் பார்த்து வெள்ளைக்காரர்கள் 'குட்டி இங்கிலாந்து' என்று சொன்னார்கள். மார்கழி, தை மாதங்களில் விடியற்காலைக் குளிருக்குப் பயந்து கதவையும் ஜன்னலையும் சாத்திவிட்டு உள்ளே விறகு அடுப்பை மூட்டுகிறோம். ராகிக் களி கிண்டுவது ஐந்து நிமிஷ வேலையா? உலை கொதிக்க வேண்டும், மாவு வேக வேண்டும், கட்டியில்லாமல் கிண்ட வேண்டும். அவ்வளவு நேரமும் தாய் புகையிலேயே நிற்கிறாள். குழந்தை அவள் இடுப்பிலோ காலடியிலோ இருக்கிறது.

விறகுப் புகையில் கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்கள் உண்டு. அவை மூக்கிலும் தொண்டையிலும் நிற்காமல் நுரையீரலின் ஆழம் வரை போய்த் தங்கும். அதனால் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு நிமோனியா காய்ச்சல் வரும் ஆபத்து கூடுகிறது. பல வருஷம் புகையில் சமைத்த பெண்களுக்கு மூச்சிரைப்பும் கண்புரையும் வருகின்றன. கர்ப்பிணி இந்தப் புகையைச் சுவாசித்தால் பிறக்கும் குழந்தையின் எடை குறையலாம். வீட்டுப் புகையால் 2020-ம் ஆண்டில் மட்டும் உலகமெங்கும் ஏறத்தாழ 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அவர்களில் 2 லட்சத்து 37 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள்.

இப்போது பல வீடுகளுக்குக் காஸ் வந்துவிட்டது. ஆனாலும் புகை போகவில்லை. ஏன்? இந்தப் பேச்சைக் கேளுங்கள்.

மனைவி: ஏங்க, காஸ் அடுப்பு இருக்கறப்போ எதுக்குங்க விறகிலேயே சமைக்கச் சொல்றீங்க? பாப்பாவுக்கு இருமல் விடவே மாட்டேங்குதே.

கணவன்: சிலிண்டருக்குக் காசு கொடுக்கணுமே! விறகு சும்மாதானே கிடைக்குது.

மனைவி: சும்மாவா? விறகு பொறுக்கப் போற அன்னிக்கு என் கூலி போகுது. காட்டோரம் போனா யானை பயம் வேற. பாப்பாவுக்கு டாக்டர் செலவு யாரு கணக்கிலே?

கணவன்: அதை நான் யோசிக்கலியே!

கிராம சுகாதார செவிலியர்: அண்ணே, மூணு காரியம் செய்யுங்க, சிலிண்டர் கூட நாள் வரும். மொச்சை, கொள்ளு, அவரைக் கொட்டையை முந்தின ராத்திரியே ஊற வைங்க. எதைக் கொதிக்க வெச்சாலும் மூடி போட்டு வைங்க. கொதி வந்ததும் தீயைக் குறைச்சிடுங்க. முடிஞ்சா ஒரு குக்கர் வாங்குங்க.

மனைவி: வெந்நீர் அடுப்பு இருக்கே அக்கா?

செவிலியர்: அதை வீட்டுக்கு வெளியே வையும்மா. மேலே கூரை போட்டுக்கலாம், சுவர் வேண்டாம். உள்ளேதான் வைக்கணும்னா புகைபோக்கி கட்டி, கூரைக்கு மேலே மூணு அடி உயர்த்தி விடுங்க. மாசம் ஒரு தடவை கரியைத் தட்டணும்.

ஓர் எச்சரிக்கை: குளிருக்காகத் தணல் சட்டியை மூடிய அறைக்குள் வைத்துத் தூங்காதீர்கள். தணலிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும். கூடுதலாக ஒரு கம்பளி போதும், தணல் வேண்டாம்.

2. மாடு இருக்கும் வீட்டில் காஸும் இருக்கிறது

நாலைந்து மாடு வைத்திருப்பவர்கள் சாண எரிவாயுக் கலம் கட்டிக்கொள்ளலாம். இது புதிதல்ல. 1950-களிலேயே ஜஷ்பாய் படேல் என்பவர் மிதக்கும் மூடி கொண்ட 'கிராமலட்சுமி' கலத்தை உருவாக்கினார். பின்பு காதி கமிஷன் அதை நாடெங்கும் பரப்பியது.

இரண்டு கன மீட்டர் கலத்துக்கு நாள் ஒன்றுக்கு ஏறத்தாழ 50 கிலோ சாணம் வேண்டும். சாணத்துக்குச் சம அளவு தண்ணீர் விட்டு, கல், வைக்கோல் இல்லாமல் கரைத்து ஊற்ற வேண்டும். நாலைந்து பேர் கொண்ட குடும்பத்தின் சமையலுக்கு இந்த எரிவாயு போதும். சாணமும் வீணாவதில்லை. கலத்திலிருந்து வெளியேறும் கரைசல் நல்ல எரு. அதே சாணத்தை வரட்டி தட்டி எரித்தால் எருவும் போகிறது, புகையும் வருகிறது.

ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். குளிர் மாதங்களில் எரிவாயு குறையும். சாணத்தைப் புளிக்க வைக்கும் கிருமிகள் குளிரில் மந்தமாகிவிடும். ஆகவே கலத்தை நிழலில் கட்டாமல், வெயில் படும் இடத்தில் கட்டுங்கள்.

3. வாசலில் தேங்கும் தண்ணீர்

பாத்திரம் கழுவிய தண்ணீரும் குளித்த தண்ணீரும் தெருவில் ஓடித் தேங்கினால் ஈயும் கொசுவும் பெருகும். அந்தச் சேற்றில் விளையாடும் குழந்தைக்கு வயிற்றுப்போக்கும் சிரங்கும் வரும். அதே தண்ணீர் கொல்லைப் பக்கம் போனால் வாழையாகவும் முருங்கையாகவும் மாறும்.

இடம் உள்ளவர்கள் தண்ணீரைக் கொல்லைக்குத் திருப்புங்கள். சோப்புத் தண்ணீரை வாழைக்கும் கல்வாழைக்கும் விடலாம். அரிசி, பருப்பு, காய் கழுவிய தண்ணீரைக் கீரைப் பாத்திக்கு ஊற்றுங்கள்.

இடம் குறைவானவர்கள் உறிஞ்சுகுழி போடுங்கள். மூன்று அடிக்கு மூன்று அடி, ஆழமும் மூன்று அடி. அடியில் பெரிய கல், நடுவில் நடுத்தரக் கல், மேலே சிறு ஜல்லி போட்டு நிரப்புங்கள். தண்ணீர் விழும் இடத்தில் அடியில் ஓட்டை போட்ட பழைய பானை ஒன்றை வைத்து, அதில் தேங்காய் நாரை அடையுங்கள். சோற்றுப் பருக்கையும் எண்ணெய்ப் பிசுக்கும் அந்த நாரிலேயே தங்கிவிடும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நாரை மாற்றினால் குழி அடைபடாது. குடிதண்ணீர்க் கிணற்றிலிருந்து 50 அடி தள்ளியே குழி வெட்டுங்கள்.

கவனிக்க: டெங்கு பரப்பும் கொசு சாக்கடையில் முட்டையிடுவதில்லை. நாம் பிடித்து வைக்கும் நல்ல தண்ணீரில்தான் இடுகிறது. முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் ஆகும். எனவே வாரம் ஒரு நாள் தொட்டி, டிரம், குடம் எல்லாவற்றையும் காலி செய்து, உட்புறம் தேய்த்துக் கழுவிக் காய வையுங்கள். பழைய டயர், கொட்டாங்குச்சி, உடைந்த சட்டி எதுவும் கொல்லையில் கிடக்கக் கூடாது.

4. கொல்லைக் கீரையும் தாயின் இரத்தமும்

2019-21-ல் நடந்த தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு இரத்த சோகை. அதாவது இரண்டு பெண்களில் ஒருவருக்கு மேல்! சோகையுள்ள தாய் பிரசவத்தில் சிறிது இரத்தம் இழந்தாலும் ஆபத்து. அடுத்தடுத்துக் குழந்தை பெற்றால் இழந்த இரத்தம் ஊற நேரமே கிடைக்காது. முதல் குழந்தைக்கும் அடுத்ததுக்கும் மூன்று ஆண்டு இடைவெளி விடச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

கழிவு நீர் பாயும் பக்கமாக ஒரு முருங்கை நடுங்கள். பக்கத்தில் தண்டுக்கீரை, அரைக்கீரைப் பாத்தி போடுங்கள். ராகிக் களியோடு கீரைக் குழம்பும், அதில் எலுமிச்சைச் சாறும் சேர்ந்தால் இரும்புச் சத்து உடம்பில் நன்றாகச் சேரும். சாப்பிட்ட கையோடு டீ, காப்பி குடித்தால் அந்தச் சத்து சேராமல் போகும். கர்ப்பிணிகள் செவிலியர் கொடுக்கும் இரும்புச் சத்து மாத்திரையையும் விடாமல் சாப்பிட வேண்டும். கீரை மாத்திரைக்குத் துணைதான். அதற்குப் பதில் ஆகாது.

5. குப்பையைப் பிரியுங்கள், கொளுத்தாதீர்கள்

குளிர் காய்வதற்காகக் காய்ந்த சருகோடு பிளாஸ்டிக் கவரையும் டயரையும் போட்டுக் கொளுத்தும் பழக்கம் இருக்கிறது. அடுப்புப் பற்றவைக்கவும் சிலர் கவரைப் பயன்படுத்துகிறார்கள். இது விறகுப் புகையைவிடக் கொடியது. இதிலிருந்து டையாக்சின் போன்ற நஞ்சுகள் கிளம்பும். அவை காற்றோடு போய்விடுவதில்லை. புல்லிலும் மண்ணிலும் படிந்து, மாட்டுப் பால் வழியாக நம் பிள்ளைகளிடமே திரும்பி வரும்.

தமிழ்நாட்டில் ஒருமுறை மட்டும் பயன்படுத்தி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்கள் 1-1-2019 முதல் தடை செய்யப்பட்டுள்ளன. 23-12-2021-ல் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கியது. தளிக்கோ ஓசூருக்கோ சந்தைக்குப் போகும்போது ஒரு துணிப்பையும் ஒரு தூக்குப் பாத்திரமும் கையில் இருந்தால், வீட்டுக்கு வரும் கவரில் பெரும்பகுதி குறைந்துவிடும்.

மிஞ்சுவதை இரண்டாகப் பிரியுங்கள். மக்கும் குப்பை எருக்குழிக்கு. மக்காத குப்பை தூய்மைக் காவலரிடம். கொல்லையில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு குழி வெட்டுங்கள். ஒன்றில் காய்த் தோல், சருகு, சாம்பல் போட்டு, ஒவ்வோர் அடுக்குக்கும் மேலே சாணக் கரைசல் தெளித்து மண் தூவுங்கள். நிரம்பியதும் மண்ணால் மூடிவிட்டு அடுத்த குழியை ஆரம்பியுங்கள். மூன்று நாலு மாதத்தில் முதல் குழியில் கறுப்பு எரு தயாராகிவிடும்.

மருந்து தெளிக்கும் வேலைக்குப் போகிறவர்களுக்கு: ரோஜாக் குடிலிலோ காய்கறித் தோட்டத்திலோ காலியான பூச்சிமருந்து டப்பாவைத் தண்ணீர் பிடிக்கவோ எண்ணெய் ஊற்றவோ வீட்டுக்குக் கொண்டு வராதீர்கள். எவ்வளவு கழுவினாலும் நஞ்சு முழுதும் போகாது. மருந்து பட்ட சட்டையை மற்றத் துணியோடு சேர்க்காமல் தனியே, தெளித்தவரே துவைக்கட்டும். கர்ப்பிணியிடம் கொடுக்க வேண்டாம்.

6. நமக்குக் கீழே ஓர் ஊர் இருக்கிறது

தென்பெண்ணை ஆறு கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கம் பிறக்கிறது. பெங்களூர்ப் பக்கத்துக் கழிவைச் சுமந்துகொண்டு ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணைக்கு வருகிறது. தண்ணீர் திறந்துவிடும்போது அங்கே நுரை மலைபோலப் பொங்கியதை நேரிலோ செய்தியிலோ பலர் பார்த்திருப்பீர்கள். மேலூர்க்காரர் கழுவி ஊற்றியது கீழூர்க்காரர் வயலுக்கு வருகிறது. அவர்களைக் குறை சொல்கிறோம், நியாயம்தான். ஆனால் நம் ஏரிக் கால்வாயில் நாமே குப்பை கொட்டினால், நமக்குக் கீழே இருப்பவர்கள் நம்மைப் பற்றி என்ன சொல்வார்கள்?

இன்னொரு காரணமும் உண்டு. ஏரி தூர்ந்தால் நிலத்தடி நீர் இறங்கும். போர்வெல்லை மேலும் மேலும் ஆழமாக்க வேண்டிவரும். கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் பல இடங்களில் பாறைக்குள்ளிருந்து வரும் நீரில் ஃபுளோரைடு அதிகம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேலே போனால் பிள்ளைகளின் பல்லில் மஞ்சள், பழுப்புக் கறை விழும். மிக அதிகமாக உள்ள நீரைப் பல வருஷம் குடித்தால் எலும்பும் மூட்டும் இறுகிப் போகும். கொதிக்க வைத்தாலும் ஃபுளோரைடு போகாது. இதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் தொடங்கிவைக்கப்பட்டது. அந்தக் காவிரித் தண்ணீரைக் குடிக்கவும் சமைக்கவும் வைத்துக்கொண்டு, போர்வெல் தண்ணீரைக் குளிக்க, துவைக்கப் பயன்படுத்துங்கள். உங்கள் ஊர்த் தண்ணீரைப் பரிசோதிக்கும்படி கிராம சபையில் கேளுங்கள். கணவன் மட்டும் போய்க் கேட்டால் போதாது. தண்ணீர் சுமப்பவர் மனைவிதானே, அவரும் வந்து பேச வேண்டும்.

7. ஒரு மாத வேலைத் திட்டம்

முதல் வாரம்: வெந்நீர் அடுப்பை வெளியே மாற்றுதல். இது கணவன் வேலை.

இரண்டாம் வாரம்: உறிஞ்சுகுழி அல்லது கொல்லைக்கு வாய்க்கால். குழியைக் கணவன் வெட்டட்டும், கல்லை இருவரும் அடுக்கலாம்.

மூன்றாம் வாரம்: இரண்டு எருக்குழி, குப்பையைப் பிரிக்க இரண்டு கூடை. எது எந்தக் கூடைக்கு என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தால் அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

நாலாம் வாரம்: முருங்கைக் கொம்பு நடுதல், கீரை விதைத்தல். அந்த வாரமே அக்கம்பக்கத்து நாலு குடும்பத்தைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். ஒரு வீட்டு வாசல் மட்டும் காய்ந்திருந்து தெரு முழுக்கத் தண்ணீர் தேங்கினால் கொசு உங்கள் வீட்டுக்கும் வரும்.

குழந்தைக்கு இருமலோடு மூச்சு வேகமாக வாங்கினாலோ, மூச்சு விடும்போது நெஞ்சு உள்ளே இழுத்தாலோ, கை வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கி வாருங்கள். 108-க்குப் போன் செய்தால் ஆம்புலன்ஸ் இலவசமாக வரும். மற்றச் சந்தேகங்களுக்கு உங்கள் கிராம சுகாதார செவிலியரைக் கேளுங்கள்.

அளவான குடும்பம், புகையில்லா வீடு, பசுமையான கொல்லை!
இவை இருந்தால் பிள்ளைகள் நலமாய் வளரும்!