கிராம்பும் ஜாதிக்காயும் கடல் கடந்த கதை



பல் வலித்தால் ஒரு கிராம்பைக் கடித்துக் கொள்கிறோம். குழந்தைக்கு வயிறு சரியில்லை என்றால் பாட்டி ஜாதிக்காயை இழைத்துக் கொடுக்கிறார். நமக்கு இவ்வளவு பழக்கமான இவ்விரு பொருள்களும் நம் நாட்டில் தோன்றியவை அல்ல.

சில மாதங்களுக்கு முன் கன்னியாகுமரி மாவட்டம் மாறாமலைப் பகுதிக்கு மாணவர்களை அழைத்துச் சென்றிருந்தேன். பாயில் கிராம்பு மொட்டைக் காயவைத்துக் கொண்டிருந்த முதியவர் ஒருவர் என்னிடம் கேட்டார்: "மரம் வச்சது எங்க அப்பா. மொட்டு பறிக்கது நான். வெல வைக்கது மட்டும் யாரு, சாரே?" அன்று அவருக்குச் சரியான விடை சொல்ல என்னால் இயலவில்லை. அந்த விடையைத் தேடினால் ஐந்நூறு ஆண்டு வரலாற்றைப் புரட்ட வேண்டியிருக்கிறது. அதைச் சுருக்கமாகக் காண்போம்.

பிறந்த மண்

இன்றைய இந்தோனேசியாவின் கிழக்கே மொலுக்காஸ் தீவுகள் உள்ளன. அவற்றுள் தெர்னாத்தே, திதோரே, மோத்தி, மக்கியான், பச்சான் ஆகிய தீவுகளே கிராம்பின் தாயகமாகும். தெற்கே கடல் நடுவில் உள்ள பாண்டா என்னும் சின்னஞ்சிறு தீவுக் கூட்டம் ஜாதிக்காயின் தாயகம். எரிமலை மண், நல்ல மழை, கடற்காற்று ஆகிய மூன்றும் அங்கு ஒருங்கே அமைந்திருந்தன. கிராம்பு என்பது விரியாத பூமொட்டு. ஜாதி மரத்திலோ ஒரே பழத்தில் இரண்டு சரக்கு கிடைக்கிறது. உள்ளிருக்கும் விதை ஜாதிக்காய், அதைச் சுற்றியுள்ள சிவந்த வலை போன்ற பகுதி ஜாதிபத்திரி.

துணிக்கு மாற்றாகக் கிராம்பு

பாண்டா மக்கள் தம் நிலத்தில் ஜாதி மரத்தை வளர்த்து, உணவுப் பொருள்களையும் துணியையும் வெளியிலிருந்து பெற்றனர். ஜாவானியர், மலாய்க்காரர், அரேபியர், குஜராத்தியர், தமிழர் எனப் பலரும் இந்த வாணிபத்தில் ஈடுபட்டனர். சுமத்ராவின் பாரூஸ் துறைமுகத்தருகே கிடைத்துள்ள 1088-ஆம் ஆண்டின் தமிழ்க் கல்வெட்டு, நம் வணிகக் குழுவினர் அக்கடல்களில் உலவியதற்குச் சான்றாகும். பிற்காலத்தில் மலாக்காவே பெரிய சந்தையாயிற்று. சோழ மண்டலக் கரையில் நெய்த பருத்தித் துணி அங்கு சென்றது. கிராம்பும் ஜாதிக்காயும் அங்கிருந்து வந்தன. இங்கே தறியில் அமர்ந்தவரும் அங்கே மரம் ஏறியவரும் ஒருவரையொருவர் கண்டதில்லை. ஆயினும் ஒருவர் உழைப்புக்கு மற்றவர் உழைப்பே விலையாக அமைந்தது. வாங்குவோர் பலர் இருந்தமையால், ஒருவர் விலையைக் குறைத்தால் அடுத்த கப்பலுக்காகக் காத்திருக்க முடிந்தது.

வாங்குபவர் ஒருவரே ஆனபோது

1511-இல் போர்ச்சுகீசியர் மலாக்காவைக் கைப்பற்றினர். மறு ஆண்டே பாண்டாவை அடைந்தனர். 1519-இல் மகெல்லன் தலைமையில் ஸ்பெயினிலிருந்து ஐந்து கப்பல்கள் புறப்பட்டன. 1522-இல் உலகைச் சுற்றி ஊர் திரும்பியது ஒரே கப்பல். அதில் இருந்த ஐரோப்பியர் 18 பேர். அந்தக் கப்பல் சுமந்து வந்தது கிராம்பு!

பிறகு வந்தவர்கள் டச்சுக்காரர்கள். 1602-இல் தோன்றிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி, விளைபொருள் முழுவதையும் தனக்கே விற்கவேண்டும் என்றது. பாண்டா மக்கள் மற்றவர்களுக்கும் விற்றனர். 1621-இல் யான் பீட்டர்சூன் கூன் என்பவர் படையுடன் வந்தார். தீவு மக்களில் பெரும்பாலோர் கொல்லப்பட்டனர், பட்டினியால் மாண்டனர், எஞ்சியோரில் பலர் அடிமைகளாகக் கொண்டு செல்லப்பட்டனர். தோப்புகள் 68 பங்குகளாகப் பிரிக்கப்பட்டு, அடிமைகளைக் கொண்டு பராமரிக்கப்பட்டன. மரம் அதே மரம்தான். வைத்தவர்கள்தான் இல்லை.

கிராம்புக்கு வேறு வழி கையாளப்பட்டது. 1652-இல் தெர்னாத்தே சுல்தானுக்குப் பணம் தருவதாக உடன்படிக்கை செய்து, அம்பாய்னாவையும் அதை ஒட்டிய சில தீவுகளையும் தவிர மற்ற இடங்களில் இருந்த மரங்களை வெட்டச் செய்தனர். உற்பத்தியைக் குறைத்து விலையை உயர்த்துவதே நோக்கம். உயர்ந்த விலை உழவருக்குப் போகவில்லை.

இதில் நம் கரைக்கும் பங்கு உண்டு. பழவேற்காட்டில் 1613-இல் டச்சுக்காரர் கோட்டை அமைத்ததற்கு, அத்தீவுகளில் செலாவணியாகும் துணியை இங்கு வாங்கியதும் ஒரு முக்கியக் காரணமாகும்.

விதையைப் பூட்டி வைக்க முடியுமா?

பிறர் விதைத்து விடாதிருக்க, ஜாதிக்காயைச் சுண்ணாம்பு நீரில் தோய்த்தே ஏற்றுமதி செய்தனர் என்பர். பயிரியல் நோக்கில் பார்த்தால், ஜாதிக்காய்க்கு அத்தகைய பூட்டு அதிகம் தேவையில்லை. புதிதாக எடுத்த விதையை உடனே ஈரமணலில் ஊன்ற வேண்டும். ஈரம் வற்றினால் சில நாட்களிலேயே முளைப்புத் திறன் போய்விடும். கடையில் வாங்கிய ஜாதிக்காய் முளைக்காததன் காரணம் இதுவே.

ஆகவே, மரத்தைக் கொண்டுபோக விரும்பியவர்கள் உயிருள்ள கன்றையோ, ஈரம் காத்த விதையையோதான் கொண்டுபோக வேண்டியிருந்தது. மொரீஷியஸ் தீவின் பிரெஞ்சு நிர்வாகி பியேர் புவாவ்ர் முன்பு கொண்டுவந்த கன்றுகள் பட்டுப்போயின. எனினும் அவர் முயற்சியைக் கைவிடவில்லை. 1770-லும் 1772-லும் அவர் அனுப்பிய கப்பல்கள் ஜாதிக்காய், கிராம்பு நாற்றுகளையும் விதைகளையும் கொண்டு சேர்த்தன. பின்னர் ஆங்கிலேயர் மொலுக்காஸைப் பிடித்தபோது பினாங்கு முதலிய இடங்களுக்குக் கன்றுகளை அனுப்பினர். 1799-இன் முடிவில் டச்சுக் கம்பெனியே கலைக்கப்பட்டது. விதையைப் பூட்டி வைத்தவர்கள் போய்விட்டனர். விதை உலகெங்கும் முளைத்தது.

புதிய மண்ணில் பழைய தவறு

கிராம்பு கிழக்கு ஆப்பிரிக்காவின் சான்சிபார் தீவை அடைந்து, அடிமைகளின் உழைப்பால் அங்கே பெருந்தோப்பாயிற்று. 1872-இல் வீசிய புயலில் சான்சிபாரின் மரங்களில் பெரும்பகுதி சாய்ந்தது. சிங்கப்பூரிலும் பினாங்கிலும் 1860-ஐ ஒட்டி ஜாதி மரங்கள் நோயால் அழிந்தன. மேற்கிந்தியத் தீவான கிரெனடா ஜாதிக்காயால் புகழ்பெற்றது. 2004-இல் வந்த புயல் அதன் தோப்புகளைப் பாழாக்கியது. ஒரே பயிரை நம்பிய இடங்களில் எல்லாம் இதே கதைதான்.

தாயகமான இந்தோனேசியாவிலும் 1990-களில் கிராம்பு வாங்கும் உரிமை ஒரே அமைப்பிடம் விடப்பட்டது. விலை வீழ்ந்தது. பறிகூலிக்கும் கட்டாத நிலையில் பலர் மரங்களைக் கவனிக்காமல் விட்டனர். சிலர் வெட்டியும் போட்டனர். 1998-இல் அந்த ஏற்பாடு நீக்கப்பட்டது. வாங்குபவர் அயல் நாட்டாராயினும் சொந்த நாட்டாராயினும், ஒருவராக மட்டும் இருந்தால் விளைவு ஒன்றே என்பது இதனால் விளங்கும்.

நாம் செய்ய வேண்டியவை

கிழக்கிந்தியக் கம்பெனி 1800-ஐ ஒட்டிக் குற்றாலத்தில் அமைத்த தோட்டத்தின் வழியே கிராம்பு நம் நாட்டில் கால்கொண்டது. கன்னியாகுமரி கிராம்பு 2021-இல் புவிசார் குறியீடும் பெற்றுள்ளது. இப்பயிர்களை வைத்திருப்போரும் வைக்க எண்ணுவோரும் கீழ்க்கண்டவற்றைக் கடைப்பிடிப்பது நலம்.

1. தனித் தோப்பாக வைக்காமல், நிழலும் நீரும் உள்ள தென்னை, பாக்குத் தோப்புகளில் ஊடுபயிராக வையுங்கள். ஒன்று விழுந்தாலும் மற்றொன்று காக்கும்.

2. ஜாதி மரத்தில் ஆண், பெண் வேறு வேறு. விதைக் கன்றானால் பூக்கும் வரை, அதாவது ஆறேழு ஆண்டுகள் வரை, எது ஆண் மரம் எனத் தெரியாது. ஒட்டுக்கன்றுகளை வாங்கி, பத்துப் பெண் மரத்துக்கு ஓர் ஆண் மரம் இருக்குமாறு நடுங்கள்.

3. கிராம்பு மொட்டு பச்சை மாறி இளஞ்சிவப்பாகும்போது, விரியும் முன் பறியுங்கள். நான்கைந்து நாள் நல்ல வெயிலில் காய்ந்தால் எடை ஏறத்தாழ மூன்றில் ஒன்றாகும். ஜாதிக்காயை ஈரத்துடன் மூட்டை கட்டினால் பூஞ்சணம் பிடித்து நச்சு உண்டாகும்; வெளிநாட்டார் அத்தகைய சரக்கைத் திருப்பி விடுவர்.

4. பச்சையாக விற்பவர் அன்றைய விலைக்குக் கட்டுப்பட்டவர். நன்றாகக் காய்ந்த சரக்கை வைத்திருப்பவர் காத்திருக்கலாம். பத்துப் பேர் சேர்ந்து காயவைத்து, தரம் பிரித்து, உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் மூலம் ஒன்றுக்கு மேற்பட்ட வணிகரிடம் விலை கேளுங்கள்.

மாறாமலை முதியவருக்கு இப்போது விடை சொல்ல முடியும். விலையை முழுவதுமாக நாம் வைக்க முடியாது. ஆனால் நம் வாசலுக்கு எத்தனை பேர் விலை கேட்டு வருகிறார்கள், அவர்கள் வரும்வரை நம் சரக்கு கெடாமல் இருக்கிறதா என்னும் இரண்டும் பெரும்பாலும் நம் கையில் உள்ளன. பாண்டா மக்களிடமிருந்து பறிக்கப்பட்டது இந்த உரிமையே. நம்மிடம் இன்று அது இருக்கிறது. அதைப் பயன்படுத்திப் பலன் காண்போமாக!