கேட்கத் தெரிந்தவரே ஆலோசகர்
தொழில் வழிகாட்டி: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: நான் பெஸ்தாரி ஜெயா பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். அப்பா மண்டோர், அம்மா வெளிக்காட்டு வேலை. ஆறு ஆண்டுகளாக ரவாங்கில் ஒரு தொழிற்சாலையின் மனிதவளப் பிரிவில் இருக்கிறேன். நிறுவனங்களுக்கு ஆலோசனை சொல்லும் தொழிலுக்குப் போக ஆசை. அந்தத் துறையில் இருப்பவர்களைப் பார்த்தால் தலைநகரத்துப் பிள்ளைகளாகவே தெரிகிறார்கள். தோட்டத்துப் பெண் என்று சொல்லிக்கொள்ளவே தயங்குகிறேன். என்ன திறன்கள் வேண்டும், எப்படி வளர்த்துக்கொள்வது?
- வாசகி, பெஸ்தாரி ஜெயா

பதில்: தயக்கத்தை முதலில் விடுங்கள். தோட்டத்தில் வளர்ந்தது இந்தத் தொழிலுக்கு உங்களிடம் உள்ள முதல் முதலீடு. ஏன் என்று சொல்கிறேன்.

ஒரு நிறுவனத்தில் வேலை எங்கே தடைபடுகிறது, யாருக்கும் யாருக்கும் இடையே பேச்சு நின்றுபோயிருக்கிறது என்பதை அங்கே உழைப்பவர்களோடு சேர்ந்து கண்டுபிடிப்பதே ஆலோசகரின் வேலை. தமிழில் வினவுவதற்கும் செவிகொடுப்பதற்கும் ‘கேட்பது’ என்ற ஒரே சொல்தான். திருக்குறளின் 42ஆம் அதிகாரத்தின் பெயர் ‘கேள்வி’. அது காது கொடுத்துக் கற்பதைப் பற்றியது. இந்தத் தொழிலின் தலையாய திறனும் அதுவே. அமெரிக்கப் பேராசிரியர் எட்கர் ஷைன் 1969இல் இதை ஒரு முறையாகவே வகுத்து நூலாக எழுதினார். விடையைக் கையில் கொடுப்பதைவிட, தங்கள் சிக்கலைத் தாங்களே பார்க்க நிறுவனத்தாருக்கு உதவுவதுதான் நிலைக்கும் என்பது அவர் கட்சி.

உங்களுக்குத் தெரிந்த இடத்திலிருந்தே ஓர் உதாரணம். செம்பனை மில் மேலாளர் ஒருவர் உங்களை அழைத்து, “எண்ணெயில் அமிலம் ஏறுகிறது. தோட்டத்து ஆட்களுக்கு அக்கறை இல்லை. ஒரு நாள் பயிற்சி நடத்துங்கள்” என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வெட்டிய குலை 24 மணி நேரத்துக்குள் மில்லுக்குப் போய்ச் சேர வேண்டும், அடிபட்டுக் கிடக்கக் கிடக்க அமிலம் ஏறும் என்பதை உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆகவே, பயிற்சிக்குத் தலையாட்டும் முன் கேளுங்கள். குலை எத்தனை மணிக்குச் சாலையோரம் வருகிறது? லாரி எத்தனை மணிக்கு வருகிறது? மழை நாளில் என்ன செய்கிறார்கள்? உதிர்பழம் பொறுக்க எத்தனை பேர்? மில் வாசலில் லாரி எவ்வளவு நேரம் காத்துக் கிடக்கிறது? கோளாறு லாரி முறையில் இருந்தால், வெட்டுகிறவருக்கு நூறு வகுப்பு நடத்தினாலும் அமிலம் இறங்காது. மேலாளர் சொல்லும் சிக்கல் ஒன்று, உள்ளே இருக்கும் சிக்கல் வேறொன்று என்பது அடிக்கடி நடக்கும். காலையில் ஆள் கூடும் பெரட்டுக் களத்தில் என்ன பேசுகிறார்கள் என்று தெரிந்த உங்களுக்கு அந்த வித்தியாசம் சீக்கிரம் பிடிபடும்.

1953இல் அகமதாபாத் காலிகோ துணி ஆலையிலும் சிக்கல் இப்படித்தான் வேறிடத்தில் இருந்தது. தானியங்கித் தறிகள் வந்தும் எதிர்பார்த்த பலன் இல்லை. இங்கிலாந்தின் டாவிஸ்டாக் நிலையத்திலிருந்து வந்த ஏ.கே. ரைஸ் தறிகளையோ ஆட்களையோ குறை சொல்லவில்லை. வேலை பிரிக்கப்பட்டிருந்த விதத்தைப் பார்த்தார். ஒவ்வொருவரும் ஒரு துண்டு வேலையைச் செய்தார்களே தவிர, ஒரு தறித்தொகுதிக்கு முழுப்பொறுப்பு ஏற்ற குழு எதுவும் இல்லை. சிறு குழுக்களாகப் பிரியலாம் என்ற யோசனையைத் தொழிலாளர்களே பிடித்துக்கொண்டு தங்கள் குழுக்களைத் தாங்களே அமைத்தார்கள். உற்பத்தி கூடியது, பழுதான துணி குறைந்தது.

இனி, நீங்கள் பழக வேண்டியவை. ஒன்று, எண். வருகைப் பதிவேடு, விபத்துப் பதிவு, ஆள் விலகல் ஆகியவற்றை எக்செல்லில் போட்டு மாதவாரியாகப் படிக்கப் பழகுங்கள். இரண்டு, எழுத்து. பத்துப் பக்க அறிக்கையை ஒரே பக்கமாகச் சுருக்க வராவிட்டால் மேலாளர் படிக்க மாட்டார். மூன்று, மொழி. அறிக்கை ஆங்கிலத்திலும் மலாயிலும் போகும். உண்மை தமிழிலோ இந்தோனேசிய, வங்காள மொழிகளிலோ வரும். இரண்டுக்கும் நடுவில் நிற்க உங்களால் முடியும். நான்கு, நம்பிக்கை. தொழிலாளி சொன்னதை அவர் பெயரோடு மேலிடத்துக்குக் கொண்டுபோக மாட்டேன் என்பதை வேலையை ஒப்புக்கொள்ளும்போதே மேலாளரிடம் சொல்லிவிடுங்கள். ஒருமுறை அந்தச் சொல் தவறினால் அந்தத் தோட்டத்தில் அதன் பிறகு யாரும் உங்களிடம் வாய் திறக்க மாட்டார்கள்.

சான்றிதழும் தேவைதான். 10 அல்லது அதற்கு மேற்பட்ட மலேசியத் தொழிலாளர்களை வைத்திருக்கும் முதலாளிகள், 2001ஆம் ஆண்டுச் சட்டப்படி, பெரும்பாலான துறைகளில் சம்பளத்தின் 1 விழுக்காட்டைப் பயிற்சிக்கான லெவியாக மனிதவள மேம்பாட்டுக் கழகமான எச்.ஆர்.டி. கார்ப்பிடம் கட்டுகிறார்கள். அந்தப் பணத்தில் வகுப்பு நடத்த விரும்புபவர் அதன் பயிற்றுநர் தகுதியைப் பெறுவது நல்லது. பெட்டாலிங் ஜெயாவில் உள்ள மலேசிய உற்பத்தித்திறன் கழகத்தின் பயிற்சிகளையும் பாருங்கள். மேற்படிப்பு என்றால் உங்கள் ஊரிலேயே சிலாங்கூர் பல்கலைக்கழகம் இருக்கிறது. ஆனால் வேலையை விட்டுவிட்டு இறங்காதீர்கள். உங்கள் தொழிற்சாலையிலேயே ஒரு சிறு சிக்கலை அனுமதியோடு எடுத்து மூன்று மாதத்தில் தீர்த்துக்காட்டுங்கள். அதுவே உங்கள் முதல் சான்று.

கேள்வி: 27 ஆண்டுகள் தோட்டத்தில் மண்டோராக இருந்து விலகியவன் நான். எஸ்.பி.எம். வரைதான் படிப்பு. என் அனுபவத்துக்கு இந்தத் துறையில் இடம் உண்டா?
- வாசகர், பத்தாங் காலி

பதில்: உண்டு, ஐயா. உங்கள் வட்டாரத்துக்குப் பக்கத்தில் உள்ள பத்து ஆராங்கில் 1915 முதல் 1960 வரை நிலக்கரி எடுத்தார்கள். அதேபோன்ற ஒரு சுரங்கத்திலிருந்துதான் இந்தத் துறையின் மிகப் புகழ்பெற்ற ஆய்வுகளில் ஒன்று பிறந்தது. இங்கிலாந்தில் கென் பாம்போர்த் என்பவர் பல ஆண்டுகள் நிலக்கரி வெட்டியவர். பிறகு ஆய்வாளராகி, சக ஆய்வாளர் எரிக் டிரிஸ்ட்டுடன் சேர்ந்து 1951இல் ஒரு கட்டுரை எழுதினார். முன்பு சிறு குழுக்கள் முழு வேலையையும் தாங்களே செய்தன. இயந்திரம் வந்ததும் வேலை மூன்று ஷிப்டுகளாக உடைந்தது. ஒரு ஷிப்டு இன்னொரு ஷிப்டின்மேல் பழி போட்டது, வேலைக்கு வராதவர் எண்ணிக்கை கூடியது. நிலத்தடி வாழ்க்கை தெரிந்த ஒருவர் உடன் இருந்ததால் அந்தக் கட்டுரையில் உயிர் இருந்தது.

உங்கள் அனுபவத்துக்கும் இன்று அப்படி ஓர் இடம் உண்டு. எம்.எஸ்.பி.ஓ. எனும் மலேசிய நிலைத்தன்மைச் சான்று 2020 முதல் செம்பனைத் தோட்டங்களுக்குக் கட்டாயம். சிறு தோட்டக்காரர்கள் குழுவாகச் சேர்ந்து பெறவும் வழி உண்டு. அவர்களுக்குப் பதிவேடு எழுதவும், மருந்தடிக்கும் வேலையின் பாதுகாப்பைச் சரிபார்க்கவும், ஆட்களின் புகார் கேட்கும் முறை அமைக்கவும் ஆள் தேவை. உங்களுக்குத் தெரிந்ததை எழுத்தில் வைக்க ஓர் இளையவரைக் கூட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: மண்டோராக இருந்தபோது கட்டளையிட்டுப் பழகிய குரலைக் கேள்வி கேட்கும் குரலாக மாற்ற வேண்டும். அதுதான் உங்களுக்குக் கடினமான பாடம்.

கேள்வி: இதெல்லாம் பெரிய கம்பெனிகளுக்குத்தானே? கோயில், பள்ளி, சங்கம் என்று இருக்கும் நம் மக்களுக்கு இதனால் என்ன பயன்?
- வாசகர், கோலசிலாங்கூர்

பதில்: நம்மிடம் நிறுவனங்கள் குறைவில்லை, அவற்றைச் சீராக நடத்தும் முறைதான் பல இடங்களில் குறைவு. வரலாறு நமக்கு ஒரு நல்ல பாடம் வைத்திருக்கிறது. 1950களில் வெள்ளைக்காரர்கள் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டாடினார்கள். நம் மக்கள் வேலையும் வீடும் இழந்தார்கள். சம்பளத்துக்கு மட்டும் போராடினால் தீராது, நிலம் கையில் இருக்க வேண்டும் என்று ம.இ.கா. தலைவராக இருந்த துன் வீ.தி. சம்பந்தன் சிக்கலின் வேரைச் சரியாகக் கண்டார். 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. தோட்டம் தோட்டமாகப் போய், மாதம் 10 வெள்ளி கட்டச் சொல்லித் தொழிலாளர்களையே பங்குதாரர்களாக்கினார். மறு ஆண்டே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் வாங்கப்பட்டது. சிக்கலைச் சரியாகப் பெயரிடுவது, அதைத் தாங்கும் அமைப்பைக் கட்டுவது, மக்களிடம் நேரில் பேசுவது ஆகிய மூன்றும் ஆலோசகர் பழக வேண்டிய திறன்களே.

உங்கள் தோட்டத் தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்துக்கு ஏன் பத்துப் பேர்தான் வருகிறார்கள்? கோயில் திருவிழாக் கணக்கு ஏன் ஒவ்வோர் ஆண்டும் சண்டையில் முடிகிறது? அனுமதி பெற்று, வராத ஐந்து பெற்றோரின் வீட்டுக்குப் போய்க் கேளுங்கள். யாருக்கும் ஆலோசனை சொல்லாமல் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வாருங்கள். கேட்டதை ஒரு பக்கமாக்கிக் குழுவிடம் கொடுங்கள். இந்த மாதமே தொடங்குங்கள்.