கட்சி வேறு, மார்க்கம் வேறு

 

கடைக் கணக்கையும் வீட்டுக் கணக்கையும் ஒரே பேரேட்டில் எழுதுபவர், நஷ்டம் எங்கே வந்ததென்று அறியார். மார்க்கத்தையும் கட்சி அரசியலையும் கலப்பதும் அத்தகையதே.

1957ம் ஆண்டு அரசியல் சாசனத்தின் 3வது ஷரத்து, இஸ்லாம் கூட்டரசின் மதம் என்றும், பிற மதங்களை அமைதியாகப் பின்பற்றலாம் என்றும் கூறுகின்றது. கெடாவில் மார்க்கத் தலைமை மேன்மைதங்கிய சுல்தான் அவர்களைச் சார்ந்தது. ஆகவே, மார்க்கம் தன் உடைமை என்று எக்கட்சியும் கூற இடமில்லை.

1980ம் ஆண்டுகளில் இவ்வரம்பு மீறப்பட்டது. அம்னோ, பாஸ் கட்சியினரிடையே 'காபிர்' என்னும் சொல் எழுந்தது. சில மலாய்க் கிராமங்களில் ஒருவர் அறுத்ததை மற்றவர் உண்ண மறுத்தனர். ஒரே பள்ளிவாசலில் இரண்டு இமாம்களின் பின் தனித்தனியே தொழுதனர். அக்கொதிப்பு அடங்காத நாளில், 19-11-1985ல், நம் கெடாவின் பாலிங் வட்டாரத்து மெமாலி கிராமத்தில் நேர்ந்த மோதலில் கிராமத்தார் 14 பேரும் போலீஸார் 4 பேரும் மாண்டனர்.

தம் சகோதரரைக் காபிர் என்றழைத்தால், அச்சொல் இருவரில் ஒருவர்மீது திரும்பும் என நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்ததை நாம் மறக்கலாகாது.

நீதியும் நாணயமும் கண்டு வாக்களிப்போம். அது மார்க்கம் கற்பித்த கடமை. ஆனால் கட்சிக்கொடி பள்ளிவாசலுக்கு வெளியே நிற்கட்டும். கட்சி கேட்டா நாம் சாமான் நிறுக்கிறோம்? அவ்வாறே சுங்கை லாலாங்கில் எவருக்கு வாக்களித்தவராயினும், அவர் சலாமுக்குப் பதில் கூறுவோம். அவர் ஜனாஸாவுக்குத் தோள் கொடுப்போம்.

வஸ்ஸலாம்.